ப்யூர் டேட்டாவில் தந்தி ஒலி: ஈ5-க்கு மேல் சுருதி ஏறவே மாட்டேன் என்கிறது

தந்திப்பிரியன்:
ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளை இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள்) கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையில், அதாவது இரைச்சலைத் தாமதத்தோடு சுற்றவிட்டுத் தந்தி ஒலி எடுக்கும் முறையில், கித்தார் தந்தி போல ஒரு பேட்ச் (நிரல்) செய்திருக்கிறேன். குட்டியாக ஒரு இரைச்சல், அதை டெல்ரைட்~ (ஒலியை எழுதிவைப்பது), டெல்ரீட்~ (அதைத் தாமதித்துப் படிப்பது) வழியாகச் சுற்றவிடுகிறேன். சுற்றின் நடுவே அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் (ஒலியின் தனித்தனி அளவீடுகளின்) சராசரி. கீழ் சுரங்கள் அருமை, ஈ5 (659 ஹெர்ட்ஸ்) வரை பிரச்சினையே இல்லை. எஃப்5 அழுத்தினால் சுருதி இறங்கி ஒலிக்கிறது. ஜி5, ஏ5 அழுத்தினாலும் அதே ஒலிதான்! சாம்பிள் ரேட் நொடிக்கு 44,100. என்ன செய்யலாம்?

ஒலிக்கிறுக்கன்:
ஆடியோ செட்டிங்கில் பஃபரைக் குறைத்துப் பாருங்களேன்.

அலைமுகம்:
பஃபரைத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ப்யூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் கொண்ட கட்டுகளாகத்தான் கணக்கிடும். ஒரு கட்டை எழுதி முடித்த பிறகுதான் அதைத் திரும்பப் படிக்க முடியும் என்பதால், உங்கள் சுற்று 64 சாம்பிளுக்குக் கீழே சுருங்காது. 44,100-ஐ 64-ஆல் வகுத்தால் 689 ஹெர்ட்ஸ், சுருதி அதற்கு மேல் ஏறாது. சராசரி எடுப்பதே அரை சாம்பிள் தாமதம், அதையும் சேர்த்தால் 684. ஈ5-க்கும் எஃப்5-க்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

சுற்றை மட்டும் ஒரு சப்பேட்சுக்குள் (பேட்சுக்குள் இன்னொரு பேட்ச்) வைத்து, அதில் பிளாக்~ 1 (கட்டின் அளவு ஒரே சாம்பிள்) போடுங்கள். எழுதுவதும் படிப்பதும் இரண்டுமே உள்ளே இருக்க வேண்டும். ஒன்றை வெளியே விட்டால் பழைய கதைதான். சிபியு ஏறும், அதனால் மற்றதையெல்லாம் வெளியே வையுங்கள்.

அப்புறம் சுருதி சுத்தம். ஏ6, அதாவது 1760 ஹெர்ட்ஸுக்கு 25.06 சாம்பிள் வேண்டும். டெல்ரீட்~ முழு எண்ணாக 25 எடுக்கும், சராசரியின் அரையும் சேர்ந்தால் 25.5. கிடைப்பது 1729 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 30 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவு. காது உள்ள எவருக்கும் உறுத்தும். டெல்ரீட்4~ (பின்ன அளவு தாமதமும் தருவது) போட்டு 24.56 சாம்பிள் கேளுங்கள். அது உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் தின்னும். அதுவும் பிடிக்காவிட்டால் ஆல்பாஸ் ஃபில்டர் (எந்த அதிர்வெண்ணையும் குறைக்காமல் தாமதம் மட்டும் தருவது); கார்ப்ளஸ், ஸ்ட்ராங் கட்டுரை வெளியான அதே 1983-இல் ஜாஃபும் ஸ்மித்தும் எழுதிவைத்த வழி அது.

தந்திப்பிரியன்:
பிளாக்~ 1 போட்டதும் ஏ5 கணீரென்று வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் ஏ6 'டிக்' என்று ஒலித்து உடனே செத்துவிடுகிறதே?

அலைமுகம்:
சாகத்தான் செய்யும். ஏ2 நொடிக்கு 110 முறை சராசரிக்குள் போய்வருகிறது, ஏ6 1760 முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. சராசரியில் பாதிக்குப் பாதி என்பதை மேல் சுரங்களுக்கு 0.9, 0.1 என்று மாற்றுங்கள், நீண்டு ஒலிக்கும். ஆனால் அப்போது ஃபில்டரின் தாமதம் அரையிலிருந்து சுமார் 0.1 சாம்பிளாகக் குறையும். எனவே ஏ6-க்கு 24.56 அல்ல, 24.96 கேட்க வேண்டும். சுற்றுக்குள் 0.999 பெருக்கலும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சலில் இருக்கும் டிசி (அசையாமல் நிற்கும் மாறா அளவு) தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.