இரத்தம் பீறிடும்போது பெட்டியில் பழகிய கை உதவுமா?

கத்திமுனை: "பயிற்சிப் பெட்டியில் இரத்தக்கசிவை ஐம்பது முறை அடக்கியவருக்கு அறுவை அரங்கில் கை தடுமாறாது" என்று திரைக்கண் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். அந்தப் பெட்டி, மூடியிலுள்ள துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திப் பழகுவதற்கான வயிற்று மாதிரிதான். சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் நுண்துளை அறுவையில் வயிற்றுக்குள் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கரியமில வாயுவை நிரப்பித்தான் வேலை செய்ய இடம் உண்டாக்குகிறோம். தமனி அறுந்த பதற்றத்தில் உறிஞ்சுகுழாயை விடாமல் இயக்கினால், இரத்தத்தோடு வாயுவும் வெளியேறி, வயிற்றுச் சுவர் தாழ்ந்து, பார்வையே பறிபோகும். உங்கள் பெட்டியின் மூடி தாழ்கிறதா?

திரைக்கண்: தாழ்வதில்லை; அதனால் பயிற்சியே வீணாகிவிடுமா? 2002இல் வெளிவந்த யேல் ஆய்வில், மெய்நிகர் கருவியில் பழகியவர்கள் கல்லீரலிலிருந்து பித்தப்பையை 29 விழுக்காடு விரைவாகப் பிரித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது.

கத்திமுனை: அந்த ஆய்வில் இருந்தவர்கள் 16 பேர். அங்கே அளக்கப்பட்டது பித்தப்பையைப் பிரித்த திறன். பீறிடும் தமனியை அடக்கிய திறன் அன்று. நான் கேட்டது மூடியைப் பற்றி.

தையல்காரி: ஐயா, நான் பயிற்சி மருத்துவர். பித்தப்பைத் தமனியின் இரத்தம் கேமராவில் தெறித்துத் திரை முழுவதும் சிவந்தபோது, என்னருகில் நின்ற மூத்தவர் "கிளிப்பைப் போடு" என்று, குழாயை நெரித்து மூடும் கவ்வியைப் போடச் சொல்லிக் கத்தினார். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் அருகே பித்தநீர் செல்லும் குழாயான பித்தநாளமே நசுங்கியிருக்கக்கூடும். காஸ் துணியை உள்ளே செலுத்தி அழுத்திப் பிடிப்பது, கேமராவை வெளியே எடுத்துத் துடைப்பது, கசியும் இடத்தைக் கண்ட பிறகே கிளிப்பைத் தொடுவது என்ற வரிசை எனக்குப் பெட்டியில்தான் பழகியது. எந்த மூத்தவரும் சொல்லித்தரவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

கத்திமுனை: ஒருவர் கத்தியதற்காக மூத்தவர்கள் எல்லோரையும் குற்றம் சாட்டாதீர்கள். என் மாணவர்கள் அழுத்திப் பிடிப்பதை என் கையைப் பார்த்தே கற்றார்கள். அழுத்தும்போது திசு எவ்வளவு தாங்கும், எப்போது கிழியும் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. மூடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

மயக்கவியலார்: இருவரும் எங்களை மறந்துவிட்டீர்கள். சிரை கிழிந்தால் வாயு அதற்குள் புகலாம். அதன் அறிகுறியாக வெளிமூச்சின் கரியமில வாயு அளவு திடீரெனச் சரிவதை முதலில் காண்பவர்கள் நாங்கள். இரத்தம் கசிகிறது என்பதையே எங்களிடம் தாமதமாகச் சொல்லும் அறுவை மருத்துவர்களுக்கு முதலில் வாய் திறக்கப் பயிற்சி கொடுங்கள்.

கத்திமுனை: நான் ஒருபோதும் மறைத்ததில்லை. இரத்த அழுத்தம் இறங்குவதை நீங்கள் தாமதமாகச் சொன்ன நாள்களும் எனக்கு நினைவிருக்கின்றன.

மயக்கவியலார்: அந்த நாள்களில் நீங்கள் எங்கள் பக்கம் திரும்பியதே இல்லை.

திரைக்கண்: தயவுசெய்து பயிற்சிக்குத் திரும்புவோம். விலங்கின் உறுப்புக்குள் பம்பு மூலம் சிவப்பு நீரைத் துடிப்போடு செலுத்தும் மாதிரிகள் இருக்கின்றன. அதில் தமனியை வெட்டினால் நீர் கேமரா வரை பீறிடும். அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும்.

கத்திமுனை: அந்த உறுப்பை எதற்குள் வைக்கிறீர்கள்? மூடி தாழாத அதே பெட்டிக்குள்தானே! அளவின்றி உறிஞ்சினாலும் அங்கே பார்வை மறையாது என்பதால், உறிஞ்சுவது ஆபத்தற்றது என்றே கை பழகிக்கொள்ளும். அந்தக் கையோடு என் மேசைக்கு வருபவரிடமிருந்து உறிஞ்சுகுழாயை நான்தான் பிடுங்க வேண்டியிருக்கிறது.

தையல்காரி: பிடுங்குங்கள் ஐயா. ஆனால் காஸ் துணியை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

கத்திமுனை: மூடியைப் பற்றி முதலில் பேசுங்கள்.