கிராம சபையில் முதல் முறை எழுந்து பேசியது எப்போது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதிவைத் தொடங்குபவர் (தனிப்பயிற்சி ஆசிரியர்):

2022-ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கிராம சபைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்கள் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார்கள். கூட்டத்தன்று ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருடம் பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன். குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லை சார்" என்றாள். ஊர் நூலகமோ பூட்டிக் கிடந்தது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய கட்டடம். ஜன்னல் வழியே பார்த்தால் சிமென்ட் மூட்டைகளும், அவற்றுக்குப் பின்னால் பாதி மறைந்த புத்தக அலமாரியும் தெரியும். "இதைக் கிராம சபையில் கேள்" என்றேன். "நானா?" என்று பயந்துபோனாள். "பூட்டிக் கிடப்பதால் கஷ்டப்படுவது நீதானே" என்றேன். தோழிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

அது 2023 ஆகஸ்ட் 15. வேப்ப மரத்தடியில் கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் எண்ணிக்கை, நிரம்ப வேண்டுமே! 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை 100 பேர், 10,000 பேர் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது கணக்கு. கையெழுத்து வாங்கி முடித்ததும் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தார். எந்தத் தொகை எதற்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அவள் எழுந்தாள். கையிலிருந்த தாள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நூலகத்தைத் திறக்க வேண்டும் என்று நான்கே வரி வாசித்தாள். தலைவர், "பார்க்கலாம்மா, உட்கார்" என்றார். அவள் உட்காரவில்லை. "தீர்மானமாக எழுதுங்கள் ஐயா" என்றாள். செயலர் எழுதினார். நேராக மேசைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். 'கோரிக்கை பெறப்பட்டது' என்று இருந்தது. "தீர்மானிக்கப்பட்டது என்று எழுதுங்கள்" என்றாள். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒரு பாட்டி, "பிள்ளை கேட்கிறதை எழுதுங்களேன்" என்று குரல் கொடுத்தார். கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்பட்ட அலுவலரான பற்றாளர் செயலரைப் பார்த்துத் தலையசைத்தார். அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள்.

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது என்று நான் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள். நூலகம் உடனே திறந்துவிடவில்லை. தீர்மான நகலை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் அலைந்தோம். பொங்கலுக்குப் பிறகுதான் மூட்டைகள் வெளியேறின.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். தோற்றுப்போன அனுபவமாக இருந்தாலும் எழுதுங்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

அண்ணா, நான் கூட்டத்தில் பேசிப் பழகித் தேர்தலுக்கு வந்தவள் இல்லை. 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனக்கு அப்போது 23 வயது. போட்டியிட 21 நிறைந்திருந்தால் போதும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பாவுக்காக ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தது நான்.

முதல் கூட்டத்துக்கு அப்பாவும் வந்தார். நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவருக்கும் அது தவறாகவே தோன்றவில்லை, அன்று எனக்கும்தான். அடுத்த கூட்டத்துக்கு அப்பாவிடம் சொல்லாமல் அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். இரவு சாப்பிடும்போது, "என்ன பேசினீர்கள்?" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. சட்டம் நமக்கு நாற்காலியைத் தரும், அதில் போய் உட்காருவது நம் வேலை. தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வார்டு என்பது சில தெருக்கள்தான். வீடு வீடாக நடந்தே எல்லோரையும் பார்த்துவிடலாம். கட்சியில் பெரிய ஆள் தெரிய வேண்டியதில்லை, யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்தால் போதும்.

கல்லூரி மாணவர்:

நான் நகரத்தில் இருக்கிறேன். 2022 நவம்பர் 1 முதல் இங்கே கிராம சபை போலவே பகுதி சபை என்று ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். போனேன். இருபது பேர்கூட இல்லை, என் வயதில் நான் மட்டும்தான். மழைநீர் வடிகாலைப் பற்றிக் கேட்டேன், குறித்துக்கொண்டார்கள். கூட்டம் நடப்பதே பக்கத்துத் தெருவுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை எங்கள் குடியிருப்பு வாசலில் நானே தேதியை எழுதி ஒட்டப்போகிறேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்:

எல்லோரும் நல்லதாக எழுதுகிறீர்கள். என் கதை வேறு. தெருவிளக்குச் செலவைப் பற்றித் தனியாக எழுந்து கேட்டேன். அன்று மாலையே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "பையனைப் படிக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் பட்டா மாறுதல் மனு நிலுவையில் இருந்தது. அம்மா அழுதார். நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே உள்ள தெரு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். "இளைஞர்களே வாருங்கள்" என்று கூப்பிடுகிறவர்கள், வந்த பிறகு கூட நிற்பீர்களா?

பதிவைத் தொடங்கியவர்:

தம்பி, நீங்கள் கேட்டது எனக்கும் சேர்த்துத்தான். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் ஊரில் அந்தப் பெண் துணிந்து நின்றதற்கு அவள் துணிச்சல் மட்டும் காரணம் இல்லை. மூன்று தோழிகள் பக்கத்தில் இருந்தார்கள், அந்தப் பாட்டி இருந்தார். அவள் அப்பாவுக்கு நிலுவையில் மனு எதுவும் இல்லை. அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இப்போது யாரையும் தனியாகப் பேசச் சொல்வதில்லை. ஒரே மனுவில் பத்துக் கையெழுத்து, அதில் குறைந்தது ஐந்து வேறு தெருவிலிருந்து வர வேண்டும். முதல் கையெழுத்து என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவருடையது. பகை வந்தால் முதலில் அவரிடம் வரட்டும்.

2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, எங்கள் ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. அதனால் சபைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள், அதற்குப் பதவிக்காலம் கிடையாது. தேர்வு முடிந்தும் அவள் நூலகத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். நேற்று மாலை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் விளையாட்டுத் திடலுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுரிமை வர இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. 'பெறுநர்' இடப்பக்கமா வலப்பக்கமா என்று சண்டை. அவள் பேனாவை வாங்கி எழுதிக் காட்டினாள்.