கடை ஓனிங்குக்குக் காற்று சென்சார்: எங்கே வைப்பது, எந்த வேகத்தில் மூடச் சொல்வது?

கடலோரக்கடை

வணக்கம். நானும் என் அக்காவும் பினாங்கு, பாகான் ஆஜாமில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன உணவுக்கடை நடத்துகிறோம். காலை 6 மணிக்கே பசியாற ஆள் வந்துவிடும். கடைக்கு முன்னால் மோட்டார் வைத்த ஓனிங் இருந்தது, அதாவது வெயிலுக்கு நீட்டும் துணிக்கூரை; மூடினால் துணி சுருண்டு பெட்டிக்குள் போய்விடும். 5 மீட்டர் அகலம், முழுதாக நீட்டினால் 3 மீட்டர். அதன் கீழே ஆறு மேசை.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். தோசைக்கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். மழை இன்னும் தொடங்கவில்லை. கடல் பக்கமிருந்து ஒரே வீச்சு. ஓனிங் மேலே எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பியது. நான் சுவிட்சை நோக்கி ஓடுவதற்குள் வலப்பக்கக் கை முறிந்து, துணி நடுவில் கிழிந்துவிட்டது. அக்கா அப்போதுதான் அந்த மேசைகளைத் துடைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

புதிய ஓனிங் போட வந்தவர் காற்று சென்சாரும் சேர்த்துப் போடலாம் என்கிறார். மூன்று கிண்ணம் சுழலும் வகை. சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், கூரை விளிம்புக்குக் கீழே வைத்தால் வயர் மிச்சமாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வைத்தால் சும்மா சும்மா மூடாதாம். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேச எனக்கு விவரம் போதவில்லை. சுழலும் பாகமே இல்லாத அல்ட்ராசோனிக் சென்சார் வாங்கலாமா? புயல் நேரத்தில் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்த இடமும் வேண்டாம், அந்த 50ம் வேண்டாம்.

நான் கோலாலம்பூரில் கட்டட ஆட்டோமேஷன் வேலையில் பத்தொன்பது வருடம் இருக்கிறேன். கண்ணாடி துடைக்கும் கொண்டோலா, புகை வெளியேற்றும் ஜன்னல், கடைவளாக நீரூற்று எல்லாவற்றுக்கும் காற்று சென்சார் பொருத்தியிருக்கிறேன். நீரூற்றுக்கு எதற்கு என்று பலர் கேட்பார்கள். காற்று ஏறினால் தண்ணீர் நடைபாதை மேல் அடிக்கும், அதனால் பம்பின் வேகத்தைக் குறைத்து ஊற்றின் உயரத்தை இறக்கிவிடுவோம்.

முதலில் வேகம். காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடை போல அழுத்தும். 72 ஆனால் அது 12 இல்லை, 25. உங்கள் துணி 15 சதுர மீட்டர். முழு வீச்சும் நேராக விழுந்தால் 36இல் ஏறக்குறைய 90 கிலோ, 72இல் 375 கிலோ. இரண்டு மடக்குக் கைகள் அதைத் தாங்க வேண்டும்.

ஓனிங்குக்கு ஐரோப்பாவில் இஎன் 13561 என்று ஒரு தரநிலை உண்டு. அதில் வகுப்பு 1 மணிக்கு 28 கிலோமீட்டர் வரை, வகுப்பு 2 என்றால் 38 வரை, வகுப்பு 3 என்றால் 49 வரை. புதிய ஓனிங்கின் தாளில் எந்த வகுப்பு என்று பாருங்கள். வகுப்பு 3 ஆகவே இருந்தாலும், 50இல் மூடத் தொடங்குவது எல்லை தாண்டிய பிறகு தொடங்குவது.

எல்லைக்குச் சரியாக வைத்தாலும் போதாது, ஏனென்றால் ஓனிங் ஒரு நொடியில் மூடாது. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பாருங்கள், அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த அரை நிமிடத்தில் காற்று எவ்வளவு ஏறும் என்பதுதான் உங்கள் ஊரில் கேள்வி. சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் அந்த வீச்சு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் காலையிலும் வரும். மணிக்கு 40 முதல் 80 வரை வீசக்கூடியது. படிப்படியாக ஏறாது, சுவர் மாதிரி வந்து மோதும். ஆகவே 25இல் தொடங்குங்கள். அடிக்கடி மூடினால் பிறகு ஒன்றிரண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

மூடுவதற்கு ஒரு வீச்சு போதும் என்று வையுங்கள். மறுபடி திறக்க, காற்று தொடர்ந்து 15 நிமிடம் அடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திறந்து மூடித் திறந்து மூடிச் சூடேறி நின்றுவிடும், அதுவும் பாதியில்.

அப்புறம் இடம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் பெரிய மோட்டார் குடைகளுக்கு சென்சார் வைத்தோம். வயர் சுலபம் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள், நானும் வைத்தேன். ஒரு மாலை இடிமழை வந்தபோது சென்சார் காட்டியது 12. குடை அடியோடு பிடுங்கிக்கொண்டு கண்ணாடி மேசை மேல் விழுந்தது. அந்த மேசையின் நாற்காலியிலிருந்து ஒரு சிறுமி எழுந்து போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. தொட்டிக்குப் பின்னால் காற்று 12தான். அன்றிலிருந்து, காற்று எங்கே அடிக்கிறதோ அங்கேதான் வைப்பேன், வயர் எவ்வளவு நீண்டாலும் சரி.

உங்கள் கடையில் கடலைப் பார்த்த பக்கம், கூரை விளிம்புக்கு மேலே ஒரு சிறு கம்பத்தில் வையுங்கள். புகைபோக்கிப் பக்கம் கூடவே கூடாது. ஃபேன் தள்ளும் காற்றையும் அது காற்று என்றே எண்ணும், எண்ணெய்ப் பிசுக்கும் கிண்ணத்தில் ஏறும்.

பாயான் லெப்பாஸ் அக்கா

செந்தூல்காரன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் கூரையிலும் கடற்காற்றுதான்.

கிண்ண சென்சார் உப்புக்காற்றில் கெடும்போது அது நின்றுபோகாது, மெதுவாகும். அச்சின் பேரிங் இறுகி, 40 அடிக்கும்போது 25 என்று காட்டும். அதுதான் ஆபத்து. முழுக்க நின்றுபோனாலாவது ஒருவர் கவனிப்பார். சிலந்தி வலையும் இதே வேலையைச் செய்யும்.

மாதம் ஒரு முறை ஏணி போட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் நீண்ட நேரம் சுழன்று ஓய வேண்டும். கரகரவென்று நின்றால் பேரிங்கை மாற்றுங்கள். ஆனால் கிண்ணம் உடைந்தால் வேறு கம்பெனிக் கிண்ணத்தை மாட்டாதீர்கள். 1846இல் அயர்லாந்து வானியலாளர் ராபின்சன் இந்தக் கருவியைச் செய்தபோது, கிண்ணம் எப்போதும் காற்றின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடும் என்று நம்பினார். அது தவறு. கிண்ணத்தின் அளவு, கையின் நீளம் இவற்றைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு காற்று என்று, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் எழுதியிருப்பது அந்த ஒரே கிண்ணத்துக்குத்தான்.

அல்ட்ராசோனிக் நல்லது. இரு முனைகளுக்கு நடுவே ஒலி போய்வரும் நேரத்தை அளக்கும், தேய ஒன்றுமில்லை. நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். ஆனால் ஒரு ஓனிங்குக்கு அவ்வளவு செலவு தேவையா என்றால், ஏணி ஏறத் தயங்காத ஆள் கடையில் இருந்தால் கிண்ணமே போதும்.

கடலோரக்கடை

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். சென்சார் வயரை எலி கடித்தாலோ வயரில்லாத சென்சாரின் பேட்டரி தீர்ந்தாலோ எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

செந்தூல்காரன்

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, தம்பி. சென்சார் பேசாமல் இருப்பதும் காற்று இல்லாமல் இருப்பதும் கன்ட்ரோலருக்கு ஒன்றாகத் தெரியக்கூடாது.

பெரிய கட்டடங்களில் கேஎன்எக்ஸ் என்ற முறை போடுவோம். அதில் சென்சார் குறித்த இடைவெளியில் 'நான் இருக்கிறேன், காற்று இல்லை' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். செய்தி வராவிட்டால் மோட்டாரை இயக்கும் பெட்டி காற்று அடிப்பதாகவே எடுத்துக்கொண்டு மூடிவிடும். வீட்டு ஓனிங்குக்கு வரும் வயர்லெஸ் சென்சார்களிலும் நல்லவற்றில் இது உண்டு. வாங்கும்போது கடைக்காரரிடம் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ஓனிங் தானாக மூடினால் வாங்குங்கள். மூடாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் சென்சார் வெறும் பார்வையாளர்தான். மோட்டாரில் கையால் சுற்றும் வளையம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதற்குரிய கைப்பிடி ஸ்டோருக்குள் போய்விடக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். மோட்டாருக்கு யுபிஎஸ் போடலாம், ஆனால் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குகிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள். நம் நாட்டு இடியையும் மறக்காதீர்கள். கம்பத்துக்கு எர்த், சென்சார் வயருக்கு இடியில் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. கடை மூடும்போது ஓனிங்கையும் மூடுங்கள். டைமரில் போட்டால் யாரும் மறக்க முடியாது. வெயில் ஏறும் வரை உங்களுக்கு அது தேவையில்லையே. விடியற்காலை வீச்சு வரும்போது துணி பெட்டிக்குள் இருந்தால் சென்சாருக்கே வேலையில்லை.

கடலோரக்கடை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பொருத்தியாகிவிட்டது. கடல் பக்கம், கூரைக்கு ஒரு மீட்டர் மேலே. பேட்டரியைக் கழற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஓனிங் வகுப்பு 2. தினமும் இரவு 11 மணிக்கு டைமர் அதை மூடிவிடுகிறது, காலை ஒன்பதுக்குத்தான் அதைத் திறக்கிறோம். நேற்று இலை ஊதும் மெஷினை இரவல் வாங்கி, கூரையில் நின்று கிண்ணத்தில் ஊதினேன். அக்கா கீழே நேரம் பார்த்தார். முழுதாக மூட 44 விநாடி. கைப்பிடி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

ஒரே ஒரு இடத்தில் தடங்கல். தீபாவளிக்கு அக்கா ஓனிங்கின் கைகளில் சரவிளக்கு கட்டியிருந்தார், அதை அவிழ்க்காமல் விட்டிருந்தோம். மடங்கும்போது வயர் கையில் சிக்கிக்கொண்டது.

செந்தூல்காரன்

ஊதிப் பார்த்ததற்குச் சந்தோஷம் தம்பி, இதைச் செய்பவர்கள் குறைவு. 44 விநாடி கொஞ்சம் அதிகம், வகுப்பும் 2. அதனால் 25ஐ 22 ஆக்குங்கள். சரவிளக்கை இன்றைக்கே சுவருக்கு மாற்றிவிட்டு இன்னொரு முறை ஊதுங்கள்.