மானுக்கும் தேனீக்கும் மரம் வைத்தவர்கள்: அனுபவப் பகிர்வு

சாவகச்சேரியிலிருந்து

விறகுக்கும் பலகைக்கும் நிழலுக்கும் மரம் வைப்பது எங்கள் ஊரில் வழக்கம். காட்டு விலங்குகள் தின்னட்டும், தேனீக்கள் மொய்க்கட்டும் என்ற எண்ணத்தோடு மரம் வைத்தவர்களும் நம்மிடையே சிலர் உண்டு என்று அறிகிறேன். அவர்கள் எந்த மரத்தைத் தேர்ந்தார்கள், எப்படி வளர்த்தார்கள், அதன் அடியில் எதைக் கண்டார்கள் என்பதை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆர்வத்தை எனக்கு ஊட்டியவன் கனடாவில் வாழும் என் தம்பி. தன் அப்பிள் தோட்டத்தின் ஓரத்தில் கிராப் அப்பிள் என்னும் சிறுகாய் அப்பிள் மரங்களை வைத்து, பூக்காலத்தில் தோட்டத்துக்கு மகரந்தமும், பனிக்காலத்துக்கு முன் மான்களுக்குத் தீனியும் அவற்றிலிருந்தே பெறுகிறான். அந்த மரம் இங்கே வளராது. அப்பிள் இனங்களின் அரும்புகள் உறக்கம் கலைந்து பூக்க, ஏறத்தாழ 7 பாகைக்கும் குறைந்த குளிர் பல நூறு மணித்தியாலங்கள் வேண்டும்; யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் என் தேவையும் அவனுடையதைப் போன்றதுதான். இங்கே கறுத்தக்கொழும்பான் மாமரங்கள் உள்ள தோப்பு ஒன்றும், முத்தையன்கட்டுப் பக்கம் மான் வந்துபோகும் குடும்பக் காணி ஒன்றும் எனக்கு உண்டு. தோப்பில் மாம்பூ பொங்கிப் பூத்தாலும் பிஞ்சு பிடிப்பது குறைவாகவே இருக்கிறது.

ஒன்ராறியோவிலிருந்து

அண்ணா கேட்டதால் முதலில் நான் எழுதுகிறேன்.

அப்பிள் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் மகரந்தமும் உதவாது. வேற்றினம் ஒன்று அருகில் நின்று அதே நாட்களில் பூக்க வேண்டும். என்னிடமுள்ள முட்சு இனத்தின் நிலை இன்னும் சிக்கலானது. அது வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் கொண்டது என்பதால் மற்ற மரங்களிடம் மகரந்தம் பெறுமே தவிர, அவற்றுக்குத் திருப்பிக் கொடுக்க அதனிடம் பயனுள்ள மகரந்தம் இல்லை. கிராப் அப்பிளும் அப்பிள் பேரினத்தைச் சேர்ந்ததே. பழம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அதன் மகரந்தம் உண்ணும் அப்பிளின் பூவில் நன்றாகச் செயற்படும். ஒரு மரம் பல நாட்களுக்குக் கொப்பெல்லாம் பூத்துக் குலுங்குவதால், வரிசைகளுக்கு இடையே சிலவற்றை வைத்தாலே போதுமானது. தேனீ ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கே பெரும்பாலும் தாவும் என்பதால் 15 மீற்றர் அளவுக்குள் அவை நிற்பது நல்லது.

தேர்வின்போது எனக்கு மிகவும் உதவிய அறிவுரை பூவின் நிறத்தைப் பற்றியது. நாற்றுப்பண்ணைகளில் கடும் இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கும் அலங்கார இனங்களே கண்ணைக் கவரும். ஆனால் ஒரு நிறப் பூவில் தேன் எடுக்கத் தொடங்கிய தேனீ, கூடியவரை அந்த நிறத்தையே பின்தொடரும். அப்பிள் பூ வெள்ளையாதலால், வெண்பூக் கிராப் அப்பிளே தோட்டத்துக்குப் பொருந்தும். சிபெரியக் கிராப் வகையில் சிலவும் டொல்கோ என்ற கிராப் இனமும் இதற்கு ஏற்றவை. ஸ்னோட்றிஃப்ட் என்ற இனமும் வெண்பூ மரம்தான். தீக்கருகல் என்னும் பக்ரீரிய நோய்க்கு அது எளிதில் ஆளாவதால் அதை நான் வாங்கவில்லை. அந்த நோய் அதிலிருந்து தோட்டத்துக்கே பரவக்கூடியது.

மானுக்கு மரம் தேர்வது வேறு கணக்கு. பழம் எப்போது உதிர்கிறது என்பதே அங்கே முதற்கேள்வி. டொல்கோவின் பழம் ஆவணி, புரட்டாதியிலேயே விழுந்துவிடுகிறது. அப்போது மானுக்குப் புல்லும் இலையும் ஏராளம். பனிக்கு முன் உடலில் கொழுப்புச் சேர்க்க அது அலையும் ஐப்பசி முதல் மார்கழி வரை சிறிது சிறிதாக உதிரும் மரமே அதற்கு உண்மையில் பயன்படும். சில அலங்கார இனங்களின் பழம் மாரி முழுவதும் கொப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அது பறவைகளுக்கு நல்லது. கீழே நிற்கும் மானுக்கு அதனால் பயனில்லை. ஆகவே முன்னால் உதிர்வது, பின்னால் உதிர்வது என இரு வகைகளைக் கலந்து வைத்திருக்கிறேன்.

மானுக்கென்று வைத்த மரத்தை மானிடமிருந்தே காக்க வேண்டியிருப்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. கன்றின் தளிர் அதற்கு இனிப்பு. இலையுதிர் காலத்தில் கிடாக்கள் கொம்பைத் தேய்த்து இளந்தண்டின் பட்டையை உரித்துவிடும். ஒன்றரை மீற்றருக்குக் குறையாத உயரமுள்ள கம்பி வலைக்கூடும், எலி கடிக்காதபடி அடித்தண்டைச் சுற்றி ஓர் உறையும் சில ஆண்டுகளுக்கு அவசியம். குட்டை ஒட்டுக்கட்டையில் ஒட்டிய கன்று மானின் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே நின்றுவிடும் என்பதால் விதை நாற்றாக வளர்த்த வலுவான ஒட்டுக்கட்டையில் ஒட்டிய கன்றையே கேட்டு வாங்கினேன்.

கார்த்திகை மாத விடியலில் அந்த ஓரத்தில் வெள்ளைவால் மான் குட்டிகளோடு நின்று பழம் பொறுக்குவதைச் சமையலறை யன்னலிலிருந்து பார்ப்பேன். கிடா ஒன்று பின்கால்களில் எழுந்து நின்று கொப்பை எட்டிப் பிடித்ததையும் கண்டிருக்கிறேன். சோளத்தை ஒரே இடத்தில் குவித்து வைப்பதைவிட இப்படித் தள்ளித் தள்ளி நிற்கும் மரங்கள் நல்லவை. மான்கள் முட்டிமோதி நெருங்குவதும், அதனால் நோய் தொற்றுவதும் குறையும்.

நெடுங்கேணியிலிருந்து

தம்பி எழுதியதில் மரத்தை மானிடமிருந்து காப்பது பற்றிய பகுதியை வாசித்தபோது சிரிப்பு வந்தது, ஏனெனில் எங்கள் புள்ளிமான் கிடாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. வன்னியில் கம்பிக்கூடுக்குப் பதிலாக இலந்தை முள்ளையும் காரை முள்ளையும் கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றுகிறோம். செலவில்லை. மழை முடியும் முன் ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

என் காணியின் காட்டோரத்தில் பழைய பாலை மரங்கள் சில நிற்கின்றன. பலகைக்காகக் கேட்டு வந்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்க மறுத்துவிட்டேன். பாலைப்பழம் உதிரும் வைகாசி முதல் ஆடி வரையான காலத்தில்தான் புல் கருகி, சிறு குளங்கள் வற்றி, மானுக்குத் தின்னக் கிடைப்பவை குறையும். ஒன்ராறியோவில் பனியால் வரும் பஞ்சம் இங்கே கோடையால் வருகிறது. ஆகவே மழைக்காலத்தில் பழுக்கும் மரத்தை மானுக்கென்று வைப்பதில் பெரிய பயன் இல்லை.

விடியற்காலையில் அந்த மரத்தடிக்குப் போனால் மேலே கறுத்த முகமுள்ள சாம்பல் நிற மந்திகள் கொப்பை உலுக்கிக்கொண்டிருக்கும். அவை பாதி தின்று பாதியை எறியும். பழத்தோடு இலையும் கொழுந்தும் விழும். கீழே மான் கூட்டம் அவற்றைப் பொறுக்கும். ஒரு முறை மந்திகளில் ஒன்று திடீரென்று குரைப்பது போலக் கத்தியதும் மான்கள் தலையைத் தூக்கி ஒரே திசையைப் பார்த்துவிட்டு, ஒன்று முன்னங்காலால் நிலத்தை உதைக்க, எல்லாம் பற்றைக்குள் மறைந்தன. நான் நின்ற பக்கத்தை அவை பார்க்கவே இல்லை. சிறிது நேரத்தில் மறுபுறப் பற்றையிலிருந்து கரடி ஒன்று வெளியே வந்தது. பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தைத் தேடி வரும், யானையும் வரும். ஆதலால் வீட்டுக்கும் நடைபாதைக்கும் அருகில் பாலை வைக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இலந்தையிலும் ஒரு காட்சி உண்டு. மான் இலந்தைப்பழத்தை விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பும். அது படுத்தெழும்பிய இடத்தில் கழுவி வைத்தது போன்ற கொட்டைகள் சிதறிக் கிடக்கும். முதல் மழையோடு சில முளைக்கும். நான் வைத்ததைவிட மான் வைத்த இலந்தைகளே என் காணியில் அதிகம்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மான் கூடும் மரத்தை மனிதரும் கவனிக்கிறார்கள். பாலை மரத்துக்குப் போகும் மான் தடத்தில் கட்டுத்துவக்கு, அதாவது குறுக்கே கட்டிய கயிற்றில் கால் பட்டதும் வெடிக்கும் துவக்கு, வைத்திருந்ததைக் கண்டு, ஊராரைக் கூட்டி அகற்றுவித்தோம். மான் வேட்டை சட்டப்படி குற்றம். மாடு பார்க்கப் போகும் பிள்ளையின் காலையும் அந்தத் துவக்கு பறிக்கும். காவலுக்கு ஆள் இல்லாத காணியில் மானை வரவழைப்பது அதற்குத் தீங்கு செய்வதாகிவிடும்.

விசுவமடுவிலிருந்து

பழமரம் வைத்தால் மான் மட்டும் வராது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். மந்தியும் காட்டுப்பன்றியும் சேர்ந்து வரும். பழம் முடிந்த பின்னும் அவை போவதில்லை. பக்கத்துக் காணியின் கச்சானைக் கிளறும். நல்ல எண்ணத்தோடு வைக்கும் மரத்தின் செலவை அயலவர் சுமக்கலாமா என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்லட்டும்.

கோப்பாயிலிருந்து

மான் எங்கள் பக்கம் இல்லை என்பதால் தேனீயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு முன், சாவகச்சேரி ஐயா தம் தம்பியின் முறையை அப்படியே தோப்புக்குக் கொண்டுவர முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கிராப் அப்பிள் தன் மகரந்தத்தையே அப்பிளுக்குக் கொடுக்கிறது. இலந்தையின் மகரந்தமோ முருங்கையின் மகரந்தமோ மாம்பூவில் எதையும் செய்யாது. அவை செய்யக்கூடியது, மாம்பூ இல்லாத மாதங்களில் பூச்சிகளுக்குச் சோறு போட்டு அவற்றைத் தோப்பின் அருகிலேயே வைத்திருப்பதுதான்.

மாமரம் தை, மாசியில் சில வாரங்களே பூக்கிறது. ஒரு பூங்கொத்தில் பல நூறு பூக்கள் இருந்தாலும் அவற்றில் பல ஆண் பூக்கள். இருபாற் பூக்களிலும் மிகச் சிலவே காயாகும். மாம்பூவில் அதிகம் உழைப்பவை தேனீக்களைவிட ஈக்களே. ஈ என்றதும் முகம் சுளிப்போர் ஒருநாள் காலை ஒன்பது மணியளவில் பூத்த மரத்தடியில் நின்று பார்க்கட்டும். எங்கள் அயலில் மீன் கழிவைப் பூக்காலத்தில் மரத்தடியில் போடும் முதியவர் ஒருவர் இருக்கிறார். நாற்றத்துக்காக எல்லோரும் அவரை ஏசினாலும், அவருடைய மரத்தில் ஈ நிறைந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இலந்தை எங்கள் சுண்ணக்கல் நிலத்துக்கும் வரட்சிக்கும் சற்று உவர்ந்த கிணற்று நீருக்கும் ஈடுகொடுக்கும். மழை தொடங்கும் காலத்தில் அதன் பச்சை மஞ்சள் நிறச் சிறு பூக்கள் திறந்த தட்டுப் போலத் தேனைக் காட்டி நிற்கும்; குறுநாக்குள்ள ஈக்கும் குளவிக்கும் கொசுத்தேனீக்கும் அது எட்டும். மாம்பூவை நாடுபவையும் பெரும்பாலும் இதே வகையினவே. பழம் முடிந்ததும் கொப்பை நன்றாக வெட்டி ஆட்டுக்குக் குழையாகக் கொடுங்கள். பூ புதுத்தளிரில்தான் வரும் என்பதால் வெட்டாத மரம் ஆண்டுக்காண்டு மெலிந்துபோகும். மாம்பூ முடிந்த பின் வேம்பும், அதைத் தொடர்ந்து புளியும் பூச்சிகளைப் பார்த்துக்கொள்ளும். தென்னம்பாளை ஆண்டு முழுவதும் மகரந்தம் தரும். முருங்கைக்குக் கருவண்டு வரும்; அது கூடு குடைய ஒரு காய்ந்த மரத்துண்டை வேலியோரம் விட்டுவையுங்கள்.

மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கென்று பூ விரிந்திருக்கும்போது மருந்து அடிப்பவர்கள் எத்தனை இலந்தை வைத்தாலும் பயனில்லை.

சாவகச்சேரியிலிருந்து

எழுதிய அனைவருக்கும் நன்றி. விசுவமடு உறுப்பினரின் கேள்வி நியாயமானது. முத்தையன்கட்டுக் காணியில் அயலாரின் தோட்டத்தை ஒட்டிய பக்கத்தில் எதையும் வைக்காமல், காட்டைத் தொட்ட மறுபக்கத்தில் மட்டும் பாலையும் இலந்தையும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். காணியில் குடியிருந்து பார்க்கும் குடும்பம் சம்மதித்தால் மட்டுமே அதுவும் நடக்கும். நெடுங்கேணி ஐயா சொன்ன துவக்குக் கதை என்னை அவ்வளவு யோசிக்க வைத்தது.

தோப்பைப் பொறுத்தவரை, தம்பி தொலைபேசியில் சொன்ன ஒன்றையும் சேர்க்கிறேன். அப்பிள் பூக்கும் முன் அங்கே தரையில் மஞ்சளாகப் பூக்கும் களையை வெட்டிவிடுவார்களாம். இல்லையென்றால் தேனீக்கள் அதிலேயே நின்றுவிடும். அதனால் மாம்பூவோடு ஒரே நேரத்தில் பூத்துப் போட்டியிடும் எதையும் தோப்புக்குள் வைக்காமல், மாரியில் பூக்கும் இலந்தையை மட்டும் வடக்கு வேலியோரம் ஒட்டுக்கன்றாக வைக்கப்போகிறேன்.

நெடுங்கேணி ஐயா, ஆனியில் பாலை விதை ஒரு சிறு பை எடுத்து வைக்க முடியுமா? சப்போட்டாவைப் பாலை நாற்றில் ஒட்டுவார்கள் என்பதால், மானுக்குப் போக மிஞ்சும் நாற்றுகள் இங்கே வீணாகப் போகாது.