ராக் பாஸ்பேட் வெட்டியெடுக்கும் சிறு நிறுவனத்தில் ஓய்வுக்காலப் பணத்தை முதலீடு செய்யலாமா?

காலடிப்பேட்டை வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகச் சரக்குகளைக் கையாளும் முகவர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றேன். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் உறவினர், ராஜஸ்தானில் ராக் பாஸ்பேட் பாறையை வெட்டியெடுத்து, அரைத்துத் தூளாக்கி, இயற்கை உரம் என்ற பெயரில் மூட்டையாக விற்கும் ஒரு சிறு தனியார் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கிறார். தமிழ்நாட்டில் இயற்கை விவசாயம் பரவி வருவதால், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி முதல் தஞ்சாவூர் வரை தங்கள் உரத்திற்குப் பெரிய சந்தை இருப்பதாகக் கூறுகிறார்கள்.

10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 100 ரூபாய்க்குத் தருகிறார்கள். குறைந்தது 5 லட்சம் ரூபாய் போட வேண்டும். ஆண்டுக்கு 18 விழுக்காடு ஈவுத்தொகை உறுதி என்றும், மூன்று ஆண்டுகளில் சிறு நிறுவனங்களுக்கான பங்குச் சந்தையில் பட்டியலிடுவோம் என்றும் ராயபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் நடத்தித் துண்டறிக்கை கொடுத்தார்கள். இப்போது நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் 2 கோடி ரூபாய். சென்ற ஆண்டு விற்பனை 1 கோடியே 60 லட்சம், நிகர லாபம் 11 லட்சம் என்று அவர்கள் தந்த தாளில் உள்ளது. நிலத்தடியில் பல லட்சம் டன் பாறை இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். நஞ்சில்லாத உரத்தை உருவாக்கும் தொழிலுக்கு என் பணம் பயன்பட்டால் மகிழ்ச்சிதான். ஆயினும் இது மகளின் திருமணத்திற்குப் பிறகு எஞ்சியிருக்கும் பணம். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மணலி ஓய்வூழியர் எழுதியது:

ஐயா, வணக்கம். மணலியில் உள்ள உரத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், பங்கு விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறேன். ஏனெனில் இத்தகைய நிறுவனங்களின் தலையெழுத்து, நிலத்தடியில் எத்தனை லட்சம் டன் இருக்கிறது என்பதைவிட, வாங்குபவரின் மண்ணில் அந்தக் கல் கரையுமா என்பதில்தான் இருக்கிறது.

ராக் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் சத்து, தண்ணீரில் கரையாது. உரத் தொழிற்சாலைகள் கந்தக அமிலத்தைக் கொண்டு அந்தப் பாறையைச் சிதைத்துத்தான் சூப்பர் பாஸ்பேட்டையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் உருவாக்குகின்றன. அமிலத்தைச் சேர்க்காமல் பாறைத்தூளை அப்படியே வயலில் போட்டால், தொழிற்சாலையில் அமிலம் செய்யும் வேலையை மண்ணே செய்தாக வேண்டும். மண்ணின் கார அமில நிலை (pH) ஏறத்தாழ 5.5க்குக் கீழே, அதாவது மண் அமிலத்தன்மையோடு இருந்தால் அது ஓரளவு நடக்கும். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும் ராக் பாஸ்பேட் காலங்காலமாகப் பயன்படுவதற்கு அதுவே காரணம். நம் திருவள்ளூர் மாவட்டத்து நெல் வயல்களோ, காவிரிப் படுகையின் வண்டல் நிலங்களோ பெரும்பாலும் நடுநிலையாகவோ களர்த்தன்மை நோக்கியோ இருப்பவை. அங்கே தூளைப் போட்டால் பெரும்பகுதி தூளாகவே கிடக்கும். எனவே, பொன்னேரி முதல் தஞ்சாவூர் வரை சந்தை என்று அவர்கள் கூறுவதுதான் எனக்கு முதல் கவலையைத் தருகிறது.

அடுத்து, எல்லா ராக் பாஸ்பேட்டும் ஒன்றன்று. துனிசியாவின் காஃப்சா போன்ற இடங்களில் கிடைக்கும் ஒப்பீட்டளவில் இளைய படிவுப் பாறை எளிதில் வினைபுரியும். இலங்கையின் எப்பாவெலவில் உள்ளது போன்ற எரிமலைக் குழம்புவழிப் பாறை மிக மெதுவாகவே கரையும். ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதிப் பாறை படிவுப் பாறைதான் என்றாலும் மிகமிகத் தொன்மையானது. அதனால் கரைதிறன் குறைந்தது. இதை அளப்பதற்கு எளிய வழி உண்டு. 2 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில் அந்தத் தூளின் மணிச்சத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். மொத்த மணிச்சத்து எவ்வளவு என்று துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்; சிட்ரிக் அமிலத்தில் கரையும் மணிச்சத்து எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

விவசாயியின் கணக்கையும் பார்க்கலாம். டி.ஏ.பி. எனப்படும் டை அம்மோனியம் பாஸ்பேட் உரம் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். அதில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கின்றன. மணிச்சத்தின் பெரும்பகுதி நீரில் கரையக்கூடியது. அந்த விலைக்குப் பின்னால் அரசின் மானியம் இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டிற்கும் மானியம் உண்டு. 20 விழுக்காடு மணிச்சத்துள்ள பாறைத்தூள் மூட்டையில் 10 கிலோதான் இருக்கும். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது சொற்பம். மானியமும் கிடையாது. போதாக்குறைக்கு ராஜஸ்தானிலிருந்து இங்கே வந்து சேர 1,800 கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகையோ ரயில் கட்டணமோ கொடுக்க வேண்டும். மலிவான, கனமான சரக்கில் வாடகை எவ்வளவு தின்றுவிடும் என்பதைத் துறைமுகச் சரக்கோடு பழகிய தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்வதால் இயற்கை உரத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். சரியான மண்ணில், சரியான பாறை, பல ஆண்டுகளுக்கு நின்று பயன் தரும். தோட்டப் பயிர் முதலாளிகளிடமிருந்து எழுத்து வடிவில் கொள்முதல் ஆணைகள் இந்த நிறுவனத்திடம் இருந்தால், என் கருத்து வேறாக இருக்கும்.

பொன்னேரி விவசாயி எழுதியது:

மணலி ஐயா கூறியது எங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது. நான் ராக் பாஸ்பேட்டை நேராக வயலில் போடுவதில்லை. தொழுவுரக் குவியலில் கலந்து, மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்து, ஈரம் குறையாமல் மூடி வைத்து, நன்கு மக்கிய பின்பே பயன்படுத்துகிறேன். மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் ஓரளவு கரைத்துத் தருகின்றன. ஆனால் இதற்குத் தொழுவுரம் நிறைய வேண்டும். மாடு இல்லாதவர்கள் இந்த வழிக்கு வர மாட்டார்கள். ஆகையால் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு இருமடங்காகும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பாறைத்தூளோடு மக்கிய எருவையும் சேர்த்து, உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி மணிச்சத்து செறிந்த அங்கக உரமாக விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இவர்கள் அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

பெரம்பூர் ஆடிட்டர் எழுதியது:

வணக்கம் ஐயா. தாங்கள் தந்த எண்களை வைத்தே சில செய்திகளைச் சொல்கிறேன்.

செலுத்தப்பட்ட மூலதனம் 2 கோடி, முகமதிப்பு 10 ரூபாய் என்றால், இப்போது 20 லட்சம் பங்குகள் இருக்கின்றன. ஒரு பங்கு 100 ரூபாய் என்று தங்களிடம் கேட்பதன் பொருள், 11 லட்சம் ரூபாய் லாபம் ஈட்டும் நிறுவனத்தை அவர்கள் 20 கோடி ரூபாய்க்கு மதிப்பிடுகிறார்கள் என்பதாகும். ஓர் ஆண்டு லாபத்தைப் போல் ஏறத்தாழ 180 மடங்கு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

18 விழுக்காடு ஈவுத்தொகை என்பதைக் கேட்டதும், 5 லட்சத்திற்கு ஆண்டுக்கு 90,000 ரூபாய் வரும் என்று பலரும் எண்ணுவார்கள். நம் நாட்டில் ஈவுத்தொகை விழுக்காடு முகமதிப்பின்மீது கணக்கிடப்படுவதே வழக்கம். 10 ரூபாய்க்கு 18 விழுக்காடு என்றால் பங்குக்கு 1 ரூபாய் 80 காசு. தாங்கள் வாங்கும் 5,000 பங்குகளுக்குக் கிடைப்பது 9,000 ரூபாய், அதாவது போட்ட பணத்தில் 1.8 விழுக்காடு. அந்தச் சிறு தொகையைக்கூட எல்லாப் பங்குதாரர்களுக்கும் கொடுக்க 36 லட்சம் ரூபாய் வேண்டும். சென்ற ஆண்டின் லாபமோ 11 லட்சம். ஈவுத்தொகையை லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. லாபம் வருமுன்பே குறிப்பிட்ட வருமானம் உறுதி என்று ஒருவர் சொன்னால், அது பங்கு முதலீட்டின் தன்மையை இழந்து, வைப்புத்தொகை திரட்டுவதை நெருங்குகிறது. அனுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது; தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மண்டபக் கூட்டமும் துண்டறிக்கையும் என்னை மிகவும் உறுத்துகின்றன. தனியார் நிறுவனம் பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்க முடியாது. தனிப்பட்ட ஒதுக்கீடு என்ற முறையில், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேற்படாமல், ஒவ்வொருவருக்கும் பெயரிட்ட சலுகைக் கடிதம் கொடுத்து, வங்கி வழியாக மட்டுமே பணம் பெற வேண்டும். விளம்பரம் செய்யக் கூடாது. பணம் பெற்ற 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாட்களில் திருப்பித் தர வேண்டும். அதையும் செய்யாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். சட்டம் படித்த இயக்குநர் ஒருவர் இருந்திருந்தாலும் இந்தக் கூட்டத்தை நடத்த விட்டிருக்க மாட்டார்.

பட்டியலிடுதல் குறித்து ஒரு வரி: சிறு நிறுவனச் சந்தைக்கு வர, முந்தைய 3 நிதியாண்டுகளில் ஏதேனும் இரண்டிலாவது தலா 1 கோடி ரூபாய் இயக்க லாபம் காட்ட வேண்டும். இன்றைய நிலையிலிருந்து அது வெகு தூரம். அதுவரை தங்கள் பங்கை வாங்குவதற்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், தனியார் நிறுவனத்தில் பங்கை மாற்றிக் கொடுக்க இயக்குநர் குழுவின் இசைவு தேவைப்படும்.

தண்டையார்பேட்டை முதலீட்டாளர் எழுதியது:

இங்கிலாந்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். வடக்கு யார்க்ஷயரில் விட்பி நகரத்திற்கு அருகே, பாலிஹாலைட் என்னும் இயற்கைக் கனிம உரத்தை எடுக்க சிரியஸ் மினரல்ஸ் என்ற நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. சாம்பல்சத்து, கந்தகம், சுண்ணாம்பு, மெக்னீசியம் நான்கும் அந்தக் கனிமத்தில் இயல்பாகவே இருக்கின்றன. வேதிப் பதப்படுத்தல் தேவையில்லை. உடைத்துத் தூளாக்கினால் போதும். பல்லாயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள், அவர்களில் அந்த வட்டாரத்து மக்கள் ஏராளமானோர், தம் ஊரில் வரும் சுரங்கம் என்ற பற்றோடு ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டார்கள். 20 பென்சுக்கு மேல் வாங்கியவர்கள் பலர். 2019 செப்டம்பரில் 50 கோடி டாலர் கடன்பத்திர வெளியீடு நின்றுபோனது. 2020இல் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் பங்குக்கு 5.5 பென்சு கொடுத்து முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பெரிய நிறுவனமே 2023இல் அந்தச் சுரங்கத்தின் மதிப்பில் 170 கோடி டாலரைத் தள்ளுபடி செய்து, 2024இல் பணிகளையும் மந்தப்படுத்தியது.

அங்கே மோசடி எதுவும் இல்லை. கனிமம் உண்மையானது, இன்றும் நிலத்தடியில் அப்படியே இருக்கிறது. சுரங்கத்திலிருந்து உரம் எடுத்து விற்கத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்க நிறுவனத்திடம் பணம் இல்லாததால் சிறு முதலீட்டாளர்கள் கரைந்துபோனார்கள். தங்களை அழைக்கும் இயக்குநர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் நேர்மையாக இருப்பதும் தங்கள் பணம் திரும்பி வருவதும் வேறுவேறு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. சுரங்கக் குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டீர்களா? பல சிறு நிறுவனங்கள் குத்தகைதாரர்களாக இருப்பதில்லை. வேறொருவரின் குத்தகை நிலத்தில் கல் வெட்டித் தரும் ஒப்பந்ததாரர்களாக இருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கையில் அரவை இயந்திரம் மட்டுமே மிஞ்சும். பாஸ்பேட் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முக்கியக் கனிமங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், புதிய குத்தகையை மத்திய அரசே ஏலம் விடுகிறது. அங்கே பெரிய நிறுவனங்களோடு இவர்கள் போட்டியிட வேண்டியிருக்கும். குத்தகை சொந்தம் என்றாலும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வேலை நின்றால் அது காலாவதியாகிவிடும்.

காலடிப்பேட்டை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஈவுத்தொகைக் கணக்கைப் படித்து வீட்டில் எல்லோரும் திகைத்துப்போனோம். 5 லட்சம் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஆயினும் நண்பரின் முகத்தை முறிக்க மனமில்லை. காகிதங்களைக் கேட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் சிறு தொகை போடலாமா? எவற்றைக் கேட்பது? கல்லை எப்படிச் சோதிப்பது?

பெரம்பூர் ஆடிட்டர் எழுதியது:

குத்தகைப் பத்திரம், இந்தியச் சுரங்கப் பணியகம் ஒப்புதல் தந்த சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு, உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பெற்ற உரிமம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், அவர்கள் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கைகளையும், சொத்துகளின்மீது வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கும் அடமானங்களையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் தந்த தாளில் உள்ள 11 லட்சமும் அங்கே உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை. பெயரிட்ட சலுகைக் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மணலி ஓய்வூழியர் எழுதியது:

அவர்கள் கொண்டுவந்து தரும் மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டாம், ஐயா. அவர்களின் உரம் விற்கும் கடையில், வெவ்வேறு நாளில் வந்த சில மூட்டைகளிலிருந்து தாங்களே சிறிதுசிறிதாக எடுத்து, நன்கு கலந்து, நான்காகப் பகிர்ந்து, எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்து ஒரு கிலோ அளவுக்குக் கொண்டுவாருங்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் மொத்த மணிச்சத்து, 2 விழுக்காடு சிட்ரிக் அமிலத்தில் கரையும் மணிச்சத்து, 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் அளவு, காட்மியம் ஆகிய நான்கையும் கேளுங்கள். இயற்கை விவசாயச் சான்று பெற்றவர்களுக்கு விற்க வேண்டுமானால் காட்மியம் குறைவாக இருப்பது முக்கியம். அறிக்கை வந்ததும் இங்கே எண்களைப் போடுங்கள். அந்தப் பாறை எந்த மாவட்டத்து மண்ணுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.