சென்னையில் முப்பது ஆண்டுகள், ஐந்து சிறுகோள்கள்: போக்சனைத் தடுத்தது மேகமா?

மஞ்சக்குப்பம் ஆசிரியை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்கள் தெருப் பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, என்னிடமுள்ள 6 அங்குலத் தொலைநோக்கியில் வானம் காட்டி வருகிறேன். இந்த ஆண்டு வியாழனையும் சனியையும் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பாமல், இதே சோழமண்டலக் கரையில் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து சிறுகோள்களைத் தேடிப் பிடித்த நார்மன் இராபர்ட் போக்சனைப் பற்றியும் சொல்லலாம் என்று குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

குறிப்பெடுக்கும்போதே ஓரிடத்தில் தடுக்கி நின்றுவிட்டேன். 1829 இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த போக்சன், ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது 1856 மே மாதம் ஐசிஸ், 1857 ஏப்ரலில் அரியாட்னி, அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெஸ்டியா என்று பதினைந்தே மாதங்களில் மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருக்கிறார். 1861 தொடக்கத்தில் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தவர், ஏப்ரல் 17 ஆம் நாளே அடுத்ததைப் பிடித்து, ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்றே பெயரிட்டார். பிறகு 1864 இல் சப்போ, 1866 இல் சில்வியா, 1868 இல் கமில்லா. அதன்பின் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமில்லை. 1885 பிப்ரவரியில் வேரா, அதுவே கடைசி. 1891 ஜூனில் சென்னையிலேயே காலமாகும் வரை பதவியில் இருந்த மனிதருக்கு முப்பது ஆண்டுகளில் ஐந்துதான் என்றால், இடையில் என்ன நடந்தது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒளிப்படத் தகடுகள் இந்த வேலைக்கு வராத காலத்தில், ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் நட்சத்திரம் அன்று என்பதை அவர் எப்படிக் கண்டறிந்தார்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

லாஸ்பேட்டை மொட்டைமாடி (புதுச்சேரி)

அம்மா, இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன். முதலாவதை விவரம் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

தொலைநோக்கியில் சிறுகோள் நட்சத்திரம் போலவேதான் தெரியும். வட்டமோ வாலோ இருக்காது. அசைவு ஒன்றுதான் அதைக் காட்டிக் கொடுக்கும். அக்காலத்தில் தேடியவர்கள், வானத்தின் ஒரு சிறு துண்டுக்கான நட்சத்திர வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைத் தொலைநோக்கியிலும் மனத்தை வரைபடத்திலுமாக வைத்து ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்ப்பார்கள். வரைபடத்தில் இல்லாத ஒன்று வானத்தில் இருந்தால் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாள் இரவோ மீண்டும் பார்ப்பார்கள். இடம் மாறாமல் இருந்தால், வரைபடம் வரைந்தவர் விட்டுவிட்ட நட்சத்திரம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் இருக்கும் சமயத்தில்தான் சிறுகோள் பூமிக்கு அருகிலும் பிரகாசமாகவும் இருக்கும். அப்போது அது நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கு நோக்கிப் பின்னால் நகர்வதுபோல் தோன்றும். பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்று போடுவார்களே, அதேதான். ஒரு நாளில் ஏறத்தாழ நிலவின் அகலத்தில் பாதி தூரம், பெரும்பாலும் அதற்கும் சற்றுக் குறைவாகவே நகரும். நான் ஒருமுறை, எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டுதான், 42 ஆம் எண் கொண்ட ஐசிஸை எங்கள் மாடியிலிருந்து தேடினேன். முதல் நாள் இரவு, கண்ணில் பட்ட இருபத்திரண்டு புள்ளிகளைத் தாளில் வரைந்தேன். மறுநாள் அதே இடத்தை வரைந்து இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளி விலகி இருந்தது. இருபத்திரண்டு புள்ளிகளுக்கே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. எங்கே என்று தெரியாமல் தேடியவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பழைய துறைமுகம் (புதுச்சேரி)

முதல் கேள்விக்கு எனக்குத் தோன்றும் விடை மேகம். சென்னையில் கண்டுபிடித்த ஐந்தின் நாள்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஏப்ரல் 17, மே 2, மே 16, நவம்பர் 17, பிப்ரவரி 6. கமில்லாவைத் தவிர மற்ற நான்கும் பிப்ரவரியிலிருந்து மே வரையிலான வறண்ட மாதங்களில் கிடைத்தவை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாலையானால் மேகம் கூடிவிடும். அக்டோபர் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை. நம் கரையில் வானம் பார்ப்பவனுக்கு ஆண்டு என்பது ஐந்து மாதம்தான்.

மேகம் அவருக்குச் செய்த வேறொரு கெடுதலும் பதிவாகியிருக்கிறது. 1872 நவம்பர் 27 அன்று பெரும் எரிமீன் பொழிவு நிகழ்ந்ததும், பியெலா வால்மீன்தான் பூமியைத் தொட்டுக்கொண்டு போயிற்று என்று கருதிய ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ், அது போகும் திசையான தெற்கு வானில் தேடும்படி போக்சனுக்குத் தந்தி அடித்தார். அதுவோ டிசம்பர் தொடக்கம். மழை சற்று ஓய்ந்தபோது, சொன்ன இடத்துக்கு அருகில் போக்சன் உண்மையிலேயே ஒரு வால்மீனைக் கண்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் அதன் இடத்தை அளந்தும் விட்டார். பிறகு வானம் மூடிக்கொண்டது. சுற்றுப்பாதையைக் கணக்கிட மூன்று நாளைய அளவுகள் வேண்டும் என்பதால், அவர் கண்டது எந்த வால்மீன் என்பது முடிவாகாமலே போயிற்று. பியெலாவின் பாதையோடு அது பொருந்தவில்லை என்பது பிற்காலத்தாரின் கணக்கு.

1769 இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க எங்கள் ஊரில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, அந்த ஒரு காலையில் மேகத்தைப் பார்த்துவிட்டுப் போன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலை நினைத்தால், போக்சன் கொடுத்து வைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை (கடலூர்)

இருவருக்கும் நன்றி. இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைப் பிள்ளைகளைக் கொண்டே செய்யப் போகிறேன். ஆனால் மேகம் என்ற விடையில் எனக்கு முழு மனநிறைவு இல்லை. ஆக்ஸ்போர்டில் மேகம் குறைவா என்ன? அங்கே பதினைந்து மாதத்தில் மூன்று. சென்னையில் மழையோடு மழையாக 1868 வரை நான்கு கண்டவருக்கு, அடுத்த பதினாறு ஆண்டுகளும் மூடிய வானமாகவா இருந்திருக்கும்?

திருப்பாதிரிப்புலியூர் வாசகர் (கடலூர்)

ஆசிரியை கேட்பது நியாயம். மேகம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேலைப்பளு என்பது என் முடிவு.

ஆக்ஸ்போர்டில் அவர் உதவியாளர். சென்னையில் முழு நிலையமும் அவர் தலையில். ஆள் பற்றாக்குறையோடு, நிலைவட்டக் கருவியில் (நட்சத்திரம் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் அளக்கும் தொலைநோக்கி) ஆயிரக்கணக்கான தெற்கு வான நட்சத்திரங்களின் இடங்களை இரவு இரவாக அளக்க வேண்டும். வானிலைப் பதிவு வேறு. இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றிய காலம் என்பதால் நேரக் கணக்கும் இந்த நிலையத்தின் பொறுப்பு. இத்தனைக்கும் நடுவே சிறுகோள் தேடுவது ஒழிந்த வேளைக்கான வேலை. ஆஸ்திரியக் கடற்படையின் போலா வானாய்வகத்தில் 6 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு யோகான் பலிசா 1874 முதல் 1880 வரை 28 சிறுகோள்களைக் கண்டார். கருவியின் அளவைக் குறை சொல்ல முடியாது. சென்னையிலும் 1850 இல் வாங்கிய 6 அங்குலக் கருவி இருந்தது, பிறகு 8 அங்குலமும் வந்தது.

வரைபடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேடுபவர்கள் நம்பியிருந்த பெர்லின் அகாடமி வரைபடங்கள் வானநடுக்கோட்டுக்கு இருபுறமும் 15 பாகை வரைதான் இருந்தன. நமக்கு நன்றாக உயர்ந்து வரும் விருச்சிகம், தனுசுப் பகுதிகளில் சிறுகோள் தேட வேண்டுமானால் முதலில் வரைபடத்தையே நாம் வரைய வேண்டும். அதற்குள் பிரகாசமான சிறுகோள்களை மற்ற நாட்டவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விட்டார்கள், மிச்சமிருந்தவை மங்கலானவை.

ஆனால் பிள்ளைகளிடம் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் நேரத்தில், போக்சனின் வேறொரு வேலையைச் சொல்லுங்கள் என்பேன். நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரகாசத்தால் பிரிப்பது பழங்கால வழக்கம். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாக நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வரும் என்று 1856 இல் அவர் வகுத்தார். இன்றுவரை உலகம் முழுவதும் அதுதான் அளவுகோல். அதை அவர் எதற்காக வகுத்தார் என்பதுதான் சுவை: 36 சிறுகோள்கள் அடுத்த ஆண்டு மாதந்தோறும் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியல் போடுவதற்காக. சிறுகோள் வேட்டைக்காரன் தன் வசதிக்குச் செய்துகொண்ட படிக்கட்டில்தான் இன்றைய வானியல் ஏறி இறங்குகிறது.

வில்லியனூர் (புதுச்சேரி)

இதுவரை இருவர் பெயர் வரவில்லையே என்று எழுதுகிறேன். ஒருவர் போக்சனின் முதன்மை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867 இல் தெற்கு வானில் ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1872 இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1868 ஆகஸ்டு முழுச் சூரிய கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினத்தில் பார்த்தபோது இவர் வனபர்த்தியில் பார்த்தார். 1874 இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கி இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். வானத்தில் நேரே பார்த்து அளந்ததோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் தொடர்ந்து வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றும் வீட்டுக்கு வீடு வாதிடுகிறோம். அந்த வாதத்தில் சென்னைத் தொலைநோக்கிக்கும் ஒரு பங்கு உண்டு.

மற்றவர் போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன். 1873 முதல் தந்தையிடம் உதவியாளராகப் பணியாற்றி, பின்னர் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளராகவும் ஆனார். சிறுகோளின் பெயரை மகளுக்கு வைத்தார் என்று சிலர் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். மகள் பிறந்தது 1852, சிறுகோள் கிடைத்தது 1856. 1886 இல் தந்தை அவரை அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தபோது பெண் என்பதற்காக இடம் தரவில்லை. 1920 இல்தான் உறுப்பினராக ஏற்றார்கள்.

லாஸ்பேட்டை மொட்டைமாடி (புதுச்சேரி)

வில்லியனூர் நண்பருக்கு நன்றி. மகளின் பிறந்த ஆண்டை நானும் கவனித்ததில்லை. ஒரு சிறு சேர்க்கை மட்டும்: ஒளிப்படத் தகட்டின் வழியே முதல் சிறுகோளை மாக்ஸ் வோல்ஃப் ஹைடல்பெர்க்கில் கண்டது 1891 டிசம்பர் 22 அன்று. போக்சன் மறைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் கண்ணை நம்பித் தேடுவோர் குறைந்துகொண்டே போனார்கள்.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏசியாவையே காட்ட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் கடைத்தெரு விளக்குகள் இருக்கும். எந்தச் சிறுகோள் அந்த மாதத்தில் சூரியனுக்கு எதிரே வருகிறதோ, அதில் பிரகாசமானதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடல் ஈரத்தில் முகப்புக் கண்ணாடி ஒன்பது மணிக்குள் பூத்துவிடும், துடைக்காமல் மூடி வைத்துக் காத்திருங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை (கடலூர்)

அப்படியே செய்கிறேன். முதல் நாள் வரைந்த தாள்களை நான் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள்தான் திருப்பித் தருவதாக இருக்கிறேன். இல்லையென்றால் இரண்டாம் நாள் வானத்தைப் பார்க்காமல் பழைய தாளைப் பார்த்தே வரைந்துவிடுவார்கள். முப்பது ஆண்டு வகுப்பறை சொல்லிக் கொடுத்தது அது. மறுநாள் மேகம் வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.