கஜானா காலி, வாக்குறுதி தாராளம்: 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு சந்தேகங்கள்

திண்ணைவாசி:

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறேன். வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12-இல் கைவிரித்த நாடு, 2024 செப்டம்பர் 21-இல் ஜனாதிபதித் தேர்தலுக்குப் போனது. அந்தப் பிரசாரக் காலத்துத் தேர்தல் அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன்.

ஒன்று, சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் திட்டத்துக்குள் இருக்கும் நாட்டில் வரியைக் குறைப்போம், சம்பளத்தைக் கூட்டுவோம் என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எது நடக்கக்கூடியது, எது வெறும் மேடைப்பேச்சு என்று எதை வைத்துப் பிரிப்பது?

இரண்டு, வென்ற அநுர குமார திசாநாயக்க பெற்றது ஓரிடத்தில் 42.31%, இன்னோரிடத்தில் 55.89%. மறுபடி வாக்குப்பதிவு நடந்ததாகத் தெரியவில்லை. பிறகு அந்தப் பதிமூன்று சதவீதம் எங்கிருந்து முளைத்தது?

கணக்கப்பிள்ளை:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். எண்ணுற விசயத்துக்கு இங்கே வேறு ஆள் இருக்கிறார்.

அறிக்கைகளைப் புரட்டும் முன் ஓர் எண்ணை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2.3. அரசாங்கத்தின் வரவிலிருந்து வட்டி தவிர்ந்த செலவுகளைக் கழித்தால் மிஞ்சுவது முதன்மை மிகை. 2025 முதல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3% இருக்க வேண்டும். 2023 மார்ச் 20-இல் அங்கீகரிக்கப்பட்ட, சுமார் 3 பில்லியன் டொலர், 48 மாத ஐ.எம்.எஃப். திட்டத்தின் நடுத்தூண் அதுதான். 2024-இல் இலங்கைப் பொருளாதாரத்தின் அளவு ஏறத்தாழ 30 டிரில்லியன் ரூபா. ஆக 0.1% என்றாலே 30 பில்லியன். எந்த வாக்குறுதியையும் இந்தப் படியால் அளந்து பாருங்கள். இதற்கு எத்தனை முப்பது பில்லியன் வேண்டும், அது எந்தப் பக்கத்திலிருந்து வரும்? எந்த வரியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதில் நிதியத்தோடு பேச இடமுண்டு. கூட்டுத்தொகையில் இடமில்லை.

முன்பெல்லாம் தேர்தல் வாக்குறுதிக்குக் காசு தேட இரண்டு குறுக்குவழி இருந்தது. மத்திய வங்கியிடம் அச்சடித்து வாங்குவது. வெளிநாட்டில் பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்பது. முதலாவதை 2023-இன் மத்திய வங்கிச் சட்டம் அடைத்துவிட்டது. இரண்டாவது, கடன் கட்டாத நாட்டுக்குத் தானாகவே அடைபட்ட வழி. போதாததற்கு, பிரசாரம் சூடுபிடித்த 2024 ஆகஸ்டிலேயே இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, வட்டி நீங்கிய அரச செலவுக்கு உற்பத்தியில் 13% என்று உச்சவரம்பு கட்டியது. மற்றது, 2032-க்குள் அரச கடன் உற்பத்தியில் 95%-க்குக் கீழ் இறங்க வேண்டும் என்ற இலக்கைச் சட்டமாகவே எழுதியது. யார் வென்றாலும் இந்த வேலிக்குள்தான் மேய வேண்டும்.

ஒரு வாக்குறுதியை மட்டும் எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரிக்கு அப்போது விலக்கு மாதம் 100,000 ரூபா. அதை 200,000 ஆக்குவோம் என்றது அநுரவின் தேசிய மக்கள் சக்தி. மாதம் 200,000 வாங்கும் ஒருவரைப் பாருங்கள். ஆண்டுக்கு 24 இலட்சம், அதில் 12 இலட்சம் விலக்கு. மீதி 12 இலட்சத்தில் முதல் 5 இலட்சத்துக்கு 6%, அதாவது 30,000. அடுத்த 5 இலட்சத்துக்கு 12%, 60,000. கடைசி 2 இலட்சத்துக்கு 18%, 36,000. மொத்தம் 126,000, மாதம் 10,500 பிடிபட்டது. வாக்குறுதிப்படி அது பூச்சியமாக வேண்டும்.

2025 ஏப்ரலில் வந்தது என்ன? விலக்கு 150,000; அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%. அதே ஆளுக்கு 6 இலட்சத்தில் 6%, ஆண்டுக்கு 36,000, மாதம் 3,000. பூச்சியமில்லை, ஆனால் 10,500 மூவாயிரமானது. இந்த 7,500 நிவாரணத்தில் 7,000 விலக்கு உயர்ந்ததால் வந்தது, 500 தான் 6% படியை நீட்டியதால். விலக்கை மட்டும் பார்த்து "பாதிதானே கொடுத்தார்கள்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வற் வரி (மதிப்புக்கூட்டு வரி) அவ்வளவு நெகிழவில்லை. 2024 ஜனவரி 1-இல் 15%-இலிருந்து 18% ஆனது. உணவு, சுகாதாரம், கல்விப் பொருட்களிலிருந்து அதை எடுப்போம் என்பது பிரசாரத்தில் நன்றாகவே எடுபட்டது. 2025 ஏப்ரலில் விலக்குக் கிடைத்தது உள்நாட்டுத் திரவப் பாலுக்கும் தயிர் வகைக்கும்தான். காரணம் எளிது. சம்பள வரி கட்டுபவர்கள் சிறு தொகையினர்; வற் வரி எல்லோருடைய வாங்கலிலும் விழுவது. அதில் ஒரு விரற்கடை குறைத்தாலும் முப்பது பில்லியன்கள் வரிசையாகப் போகும். ஈடுகட்ட 2025 வரவு செலவுத் திட்டம் நம்பியது 2020 மார்ச்சிலிருந்து முடங்கிக் கிடந்த வாகன இறக்குமதியை. பெப்ரவரியில் திறந்துவிட்டு, தீர்வையில் அள்ளியது.

அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க தரப்பின் பெரிய வாக்குறுதிகளில் ஒன்று தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1,700 ரூபா. இது வேறு சாதி வாக்குறுதி. திறைசேரியில் ஒரு சதமும் போகாது, தோட்டக் கம்பனிகளின் தலையில்தான் விழும். அதனால் நிதியம் தடுக்காது, கம்பனிகள் தடுக்கும். அப்படியே நடந்தது: மே தினத்தில் 1,700 என்று முழங்கியது, செப்டம்பரில் 1,350 அடிப்படையும் 350 ஊக்கத்தொகையுமாக உடைந்து நின்றது. ஊக்கத்தொகை வேலையின் அளவோடு கட்டப்பட்டது. கையில் வருவது 1,700 என்று யாரும் எழுதித் தரவில்லை.

வடலி:

கணக்கப்பிள்ளை அண்ணை, கடன் மறுசீரமைப்பை விட்டுப்போட்டியள். அந்தப் பிரசாரத்தில உண்மையான இழுபறி அதிலதான் இருந்தது.

2024 யூன் 26-இல உத்தியோகபூர்வக் கடன் கொடுத்த நாடுகளோட 5.8 பில்லியன் டொலருக்கும், சீன எக்சிம் வங்கியோட 4.2 பில்லியனுக்கும் உடன்பாடு முடிஞ்சுது. மிச்சம் கிடந்தது பிணைமுறிக்காரர், கிட்டத்தட்ட 12.5 பில்லியன். அவையளோட கொள்கை உடன்பாடு அறிவிச்சது செப்டம்பர் 19. வாக்களிப்புக்கு ரெண்டு நாள் முன்ன! முதல் தொகையில 27% வெட்டு, நிலுவை வட்டியில 11% வெட்டு. போதாததுக்கு, பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட வளர்ந்தால் திருப்பிக் கட்டுற தொகையும் கூடுற மாதிரி ஒரு வகை முறி.

எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டு வந்தது, நாங்கள் வந்தால் நாடு எவ்வளவு கடன் தாங்கும் எண்ட கணக்கை நாங்களே புதிசாப் போட்டு மறுபடி பேசுவம் எண்டு. சட்டப்படி அதுக்கு இடமிருந்தது, ஏனெண்டால் கொள்கை உடன்பாடு கையெழுத்து முடிஞ்ச பத்திரமில்லை. ஆனால் மறுபடி பேசத் தொடங்கினால் என்ன நடக்கும்? கட்டாத வட்டி ஏறிக்கொண்டே போகும், நிதியத்தின்ர மூன்றாவது மீளாய்வு தள்ளிப் போகும், அதோட வர இருந்த 33 கோடி டொலரளவு தவணையும் நிக்கும். புது அரசாங்கம் ஒக்டோபர் 4-ஆம் திகதியே பழைய உடன்பாட்டை ஏற்றுக்கொண்டுது. முறி மாற்று டிசம்பரில முடிஞ்சுது.

அதால என்ர அளவுகோல் கொஞ்சம் வேற. ஒரு வாக்குறுதிக்குக் காசு எவ்வளவு எண்டதோட, அது பிந்திற ஒவ்வொரு மாசத்துக்கும் யார் காசு குடுக்கிறது எண்டும் கேக்க வேணும்.

கணக்கப்பிள்ளை:

ஒத்துக்கொள்கிறேன். மறுபேச்சு என்பதை நான் செலவுக் கணக்கில் சேர்க்காதது பிழைதான்.

எண்ணும்மேசை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறுபடி வாக்குப்பதிவு நடக்கவில்லை, அதே சீட்டுகளைத்தான் இரண்டாம் தரம் எடுத்தார்கள். இலங்கை வரலாற்றில் இதுதான் முதல் தடவை.

வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பம் வரை போடலாம். செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர எல்லோரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டில் அந்த இருவரில் ஒருவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவர் கணக்கில் சேர்ப்பார்கள்.

முதல் எண்ணிக்கை: அநுர 5,634,915, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் பிரேமதாச 4,363,035, ரணில் 2,299,767, நாமல் ராஜபக்ஷ 342,781, பா. அரியநேத்திரன் 226,343. செல்லுபடியானவை 13,319,616. முதல் இருவரையும் கழித்தால் நீக்கப்பட்டவர்களின் சீட்டு 3,321,666. அவற்றிலிருந்து அநுரவுக்குப் போனது 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டும் சேர்த்து 273,131 மட்டுமே. நூறு சீட்டில் எட்டுதான் நகர்ந்தது. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை கணக்கிலிருந்தே விழுந்துவிட்டன.

இப்போது உங்கள் பதிமூன்று சதவீதம். இறுதியில் அநுர 5,740,179, சஜித் 4,530,902. இந்த இரண்டின் கூட்டுத்தொகையில்தான் 55.89%. முழுச் செல்லுபடியான வாக்கில் வைத்துப் பார்த்தால் அது 43.1%-தான். வாக்கு கூடியதால் வந்த உயர்வு ஒரு சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் கீழே இருந்த எண் சுருங்கியதால் வந்தது. "பாதியைத் தாண்டிவிட்டார்" என்று எழுதியவர்களும் "பாதி கிடைக்கவேயில்லை" என்று எழுதியவர்களும் ஆளுக்கொரு பகுதியெண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள். சட்டம் கேட்பது மீந்திருக்கும் வாக்கில் பெரும்பான்மை.

கவனியுங்கள், மாற்று வாக்கில் சஜித்தே முன்னால். ஆனால் 1,271,880 இடைவெளி 1,209,277 ஆகத்தான் குறைந்தது. ரணிலுக்கு 1 போட்டவர்கள் கூட்டமாகச் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு 2 போட்டிருந்தால் கதையே வேறு. பிரசாரங்கள் அதைப் பெரிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் சின்னத்துக்குப் போடுங்கள் என்றே மேடைகள் பெரும்பாலும் கேட்டன. (சுயேச்சையாக நின்ற ரணிலின் சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022-இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்டில்!)

திண்ணைவாசி:

நன்றி. ஒன்றே ஒன்று: ரணிலுக்கு 1, நாமலுக்கு 2, சஜித்துக்கு 3 போட்ட சீட்டு என்ன ஆகும்? எண் போடாமல் புள்ளடி (X குறி) மட்டும் போட்டிருந்தால்?

எண்ணும்மேசை:

அந்தச் சீட்டு சஜித்துக்குப் போகும். இரண்டாம் விருப்பத்துக்குரியவரும் நீக்கப்பட்டவர் என்றால் மூன்றாவதைப் பார்ப்பார்கள். அநுரவுக்கோ சஜித்துக்கோ 1 போட்ட சீட்டில் 2, 3 இருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு புள்ளடி செல்லும். ஆனால் அது முதல் விருப்பம் மட்டும், நகர இடமில்லை. ஒருவருக்குப் புள்ளடி, இன்னொருவருக்கு 2 என்று கலந்தால் நிராகரிப்பு. 1 இல்லாமல் 2 அல்லது 3 மட்டும் இருந்தாலும் நிராகரிப்பு. அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 300,300, அதாவது மாற்றப்பட்ட விருப்ப வாக்குகளைவிட அதிகம்.

வடலி:

இன்னுமொண்டு, கேள்வியில இல்லாட்டியும். 2023-இன் தேர்தல் செலவுச் சட்டப்படி நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலும் இதுதான். உச்சவரம்பு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பதிவான வாக்காளர் 17,140,354 பேர். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடிக்கு மேல. முடிவு வந்து 21 நாளுக்குள்ள கணக்குக் குடுக்க வேணும். ஆனால் கட்டுப்பணமோ (வேட்பாளர் கட்டுற வைப்புத்தொகை) கட்சி வேட்பாளருக்கு 50,000, சுயேச்சைக்கு 75,000 எண்ட பழைய தொகைதான். 39 பேரின்ர வேட்புமனு ஏற்கப்பட்டு, வாக்குச்சீட்டு 27 அங்குலத்துக்கு நீண்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.